கோழிக்கு எந்த மேல்மாவு? டர்பன் சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே மொறுமொறுப்பாகக் கோழி பொரிக்க நினைப்பவருக்கு வழிகளுக்குக் குறைவில்லை. அமாசி என்னும் கெட்டியான புளித்த பாலில் ஊறவைத்துக் கேக் மாவு என்னும் நைஸான கோதுமை மாவில் புரட்டுவது, அதில் மைசீனா என்னும் மக்காச்சோள மாவுச்சத்தோ அரிசி மாவோ கலப்பது, கடலை மாவைக் கரைத்து முக்கியெடுப்பது, முட்டையில் தோய்த்து ரொட்டித் தூளில் அழுத்துவது, மீலி மீல் என்னும் மக்காச்சோள மாவில் உருட்டுவது என்று சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. தம் வீட்டு வழக்கமே சிறந்தது என்று வாதாடாதவரும் அரிது. உண்மையில் எண்ணெயிலிருந்து எடுத்த முதல் ஐந்து நிமிடங்களுக்கு எல்லாமே மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியவரும். ஆகையால் இந்த ஒப்பீட்டில் இரண்டு அளவுகோல்களை முன்னால் வைக்கிறேன். சட்டியிலிருந்து எடுத்த துண்டு எவ்வளவு நேரம் கழித்து உண்ணப்படும் என்பது ஒன்று. அதை வேகவைக்க வீட்டில் இருப்பது எண்ணெய்ச் சட்டியா, ஓவனா, ஏர் ஃப்ரையரா என்பது மற்றொன்று. சுவை மூன்றாம் இடத்தில்தான் வருகிறது, ஏனெனில் சுவையைக் கறிக்குள்ளேயே ஏற்றிவிடலாம். மேல்மாவின் தலையாய வேலை மொறுமொறுப்பு மட்டுமே.

மொறுமொறுப்பு என்பது தண்ணீர் வெளியேறிய இடம். சூடான எண்ணெயில் மாவு விழுந்ததும் அதிலுள்ள ஈரம் நீராவியாகிக் குமிழ்விட்டு வெளியேறுகிறது; அது போன பாதைகள் நுண்ணிய துளைகளாக நின்றுவிட, ஈரத்தில் வெந்து குழைந்த மாவுச்சத்து காய்ந்து இறுகி, கடித்தால் நொறுங்கும் ஓடாகிறது. கோதுமை மாவில் மாவுச்சத்தோடு புரதமும் இருப்பதால், ஈரம் பட்டுப் பிசையப் பிசைய இழுவைத் தன்மை வந்து, ஓடு நொறுங்குவதற்குப் பதிலாக ரொட்டிபோல் மெல்ல வேண்டியதாகிவிடும். மைசீனா, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, அரிசி மாவு ஆகியவற்றில் அந்த இழுவை கிடையாது. ஆனால் இவை தனியாக நின்றால் நிறம் பிடிப்பதில்லை. பொரித்த பிறகு கறியிலுள்ள ஈரம் மெல்ல வெளியே ஊர்ந்து ஓட்டை நனைக்கத் தொடங்குகிறது. வெளிக்காற்றில் ஈரப்பதம் மிகுந்த டர்பனில், அதுவும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான புழுக்கத்தில், அந்த ஓடு இரு பக்கமும் தாக்கப்படுகிறது. உலர்ந்த உள்நாட்டில் எழுதப்பட்ட செய்முறை இங்கே நமத்துப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாவைத் தேர்ந்தெடுக்கும் முன் கோழியைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான வீடுகள் வாங்குவது உறைந்த துண்டுகள் அடைத்த இரண்டு கிலோ, ஐந்து கிலோ பைகளையே. அந்தத் துண்டுகளில் உப்புநீர் ஏற்றப்பட்டிருக்கும். 2016 அக்டோபர் முதல் தனித் துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக் கோழிக்கு 10 சதவீதம் என்று அரசு அதற்கு உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன்பு இதைவிடத் தாராளமாகவே ஏற்றப்பட்டு வந்தது. பதினைந்து சதவீதமும் சிறிய அளவன்று. அத்தகைய துண்டுகளைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு முழுவதும் உருகவிட்டு, வழிந்த நீரைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தால் ஒற்றி எடுக்காமல் எந்த மாவைத் தடவினாலும் அது எண்ணெயில் தோலோடு கழன்று மிதக்கும். உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்: உறையாத புதுக் கோழிக்குக் கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு பொருந்தும் என்றால், பையிலிருந்து வரும் துண்டுக்கு அதில் பாதியே அதிகம். செய்முறையில் எழுதியுள்ள உப்பை அப்படியே இட்டுவிட்டுப் பிறகு மாவின் மேல் பழிபோடுவதில் பயனில்லை.

மாவு ஒட்டுவதற்கு இடையில் ஓர் ஈரப்படலம் வேண்டும். முட்டையும் அமாசியும்தான் இங்கே உண்மையான போட்டியாளர்கள். முட்டையின் புரதம் சூட்டில் இறுகிப் பசைபோல் பிடித்துக்கொள்வதால், ரொட்டித் தூள் போன்ற பரல்களை நிறுத்துவதற்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது ஊறவைப்பதற்கு உதவாது. அமாசி அப்படியன்று. அதன் புளிப்பு கறியை மெல்ல இளக்குகிறது, அதன் கெட்டித் தன்மை மாவை ஏந்துகிறது, அதிலுள்ள பால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து ஓட்டுக்குப் பொன்னிறம் தருகின்றன. அமெரிக்கச் செய்முறைகள் மோருக்காக அலையச் சொல்லும் இடத்தில் நம் கடைகளில் எங்கும் மலிவாகக் கிடைக்கும் அமாசியை ஊற்றினால் விளைவு அதைவிடச் சற்று மேலாகவே இருக்கும், ஏனெனில் அமாசி கெட்டி. கட்டிகள் உடையும்படி அடித்துக்கொள்வது மட்டும் தேவை. 2023 இல் பறவைக் காய்ச்சலால் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது முட்டையைக் கைவிட்டு அமாசிக்கு மாறியவர்கள் பலர், முட்டை திரும்பிய பிறகும் மாறவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. நான்கு மணி நேரம் ஊறினால் போதும். ஓர் இரவு ஊறினாலும் கெடுதல் இல்லை. அதற்கு மேல் போனால் கறியின் மேற்புறம் மாவுபோல் குழைந்துவிடும்.

இனி மாவுகளுக்கு வருவோம். எலும்புடன் கூடிய தொடை, கால், இறகுத் துண்டுகளை எண்ணெயில் பொரிப்பதென்றால் என் தேர்வு தயக்கமின்றிக் கேக் மாவும் மைசீனாவும் கலந்த கலவைதான்: இரண்டு கோப்பை கேக் மாவுக்கு ஒரு கோப்பை மைசீனா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது உப்பு. இங்கே கேக் மாவு என்று விற்கப்படுவதில் ரொட்டி மாவைவிடப் புரதம் குறைவு; அதோடு மூன்றில் ஒரு பங்கு மைசீனா சேரும்போது ஓட்டின் இழுவைத் தன்மை போய், கோதுமையின் நிறமும் மணமும் மட்டும் தங்குகின்றன. கேக் மாவை மட்டும் பயன்படுத்தினால் சாப்பாட்டு மேசைக்குப் போகும் வரை தாங்கும். இந்தக் கலவை அரை மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மைசீனாவில் பாதியை எடுத்துவிட்டு அரிசி மாவு சேர்த்தால் கடிக்கும்போது ஒலி இன்னும் கூர்மையாகக் கேட்கும், அரிசி மாவு எண்ணெயையும் குறைவாகவே குடிக்கும். ஆனால் நிறம் வெளிறும், பற்களில் மெல்லிய நறநறப்பு தட்டும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், முதியவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இந்தக் கலவையின் வெற்றி அளவுகளைவிடக் கைவேலையில்தான் இருக்கிறது. ஊறிய அமாசியில் மூன்று, நான்கு மேசைக்கரண்டி எடுத்து உலர்ந்த மாவில் தெளித்து, விரல் நுனிகளால் தேய்த்தால் மாவில் மிளகளவும் பட்டாணியளவுமாகச் சிறு உருண்டைகள் திரளும். துண்டை அமாசியிலிருந்து எடுத்துச் சொட்டவிட்டு, இந்த மாவில் போட்டு, உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். உருண்டைகள் தோலின் மடிப்புகளிலும் எலும்பின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு, துண்டு கரடுமுரடாகத் தோன்றும். அந்தக் கரடுமுரடுதான் பின்னால் மொறுமொறுப்பாகிறது, ஏனெனில் எண்ணெய் தொடும் பரப்பு அதனால் பல மடங்காகிறது. மாவு தடவிய துண்டுகளை உடனே சட்டியில் போடாமல் கம்பித்தட்டில் கால் மணி நேரம் வைத்தால், வெள்ளையாகப் பொடிபோல் இருந்த மாவு ஈரத்தை இழுத்து மங்கலான பழுப்புப் பசையாக மாறும். அப்படி மாறியது எண்ணெயில் உதிராது. பொடியாக இருக்கும்போதே போட்டால், பாதி மாவு சட்டியின் அடியில் கருகி, அடுத்த தடவை போடும் துண்டுகளின் மேல் கரும்புள்ளிகளாக வந்து ஒட்டும்.

கடலை மாவு நம் வீடுகளில் பிரிக்க முடியாதது. சில்லி பைட்ஸ் என்னும் காரப் பஜ்ஜி போடும் மாவையே சற்று இறுக்கமாகக் கரைத்துக் கோழியை முக்கியெடுக்கும் வழக்கம் டர்பனில் பரவலாக இருக்கிறது. மணத்தில் இதற்கு ஈடில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே ஆராயப்படும் அளவுகோலில் இது பின்தங்குகிறது. கடலை மாவில் புரதம் மிகுதி என்பதால் நிறம் மிக விரைவில் ஏறுகிறது. எலும்புள்ள துண்டு உள்ளே வேகும் முன்பே வெளியே செம்பழுப்பைத் தாண்டிவிடும். கரைத்த மாவில் தண்ணீரும் மிகுதி, ஓடும் தடிமன். கால் மணி நேரத்தில் அது பஞ்சுபோல் மெத்தென்று ஆகிவிடும். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை ஒரு விரற்கடை அளவுத் துண்டுகளாக்கி, மாவில் நான்கில் ஒரு பங்கு அரிசி மாவும் ஒரு மேசைக்கரண்டி சூடான எண்ணெயும் சேர்த்துக் கரைத்து, அடுப்படியில் நிற்பவர்களுக்குச் சுடச்சுட எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் கடலை மாவே முதலிடம் பெறும். மேசைக்குப் போகும் உணவாக அன்று, கையேந்தி வாங்கும் பலகாரமாகவே அதைக் கருத வேண்டும்.

ரொட்டித் தூள் வேறொரு குடும்பம். மாவு, முட்டை, தூள் என்று மூன்று தட்டுகளை வரிசையாக வைத்துச் செய்யும் இந்த முறையில் மொறுமொறுப்பு ஏற்கெனவே தூளில் இருக்கிறது. சமைக்கும்போது அதை உருவாக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். ஆழ்ந்த எண்ணெய் இல்லாமலே இது வெற்றிபெறுவதன் காரணம் அதுவே. நெஞ்சுக்கறியை இரண்டு நெகிழித் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டி, ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவந்தால், அரை அங்குல எண்ணெயில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கடையில் பொட்டலமாக விற்கும் நிறமேற்றிய நைஸான தூளை நான் பரிந்துரைப்பதில்லை; அது மணல்போல் நெருங்கிப் படிந்து, எண்ணெய் குடித்த அட்டைபோல் ஆகிவிடுகிறது. ஜப்பானியப் பாங்கோ தூள் விலை கூடுதல். மேலோடே உருவாகாதபடி மின்னோட்டத்தால் சுடப்படும் ரொட்டியிலிருந்து அது செதிலாக எடுக்கப்படுவதால், பரல்களுக்கு நடுவே காற்று நின்று, மிக நெடுநேரம் நொறுங்கும் தன்மையோடு இருக்கிறது. நடுவழி ஒன்று உண்டு: முந்தின நாள் வெள்ளை ரொட்டியின் ஓரங்களை நீக்கி, விரலால் பிய்த்து, மிதமான ஓவனில் நிறம் மாறாமல் உலர்த்தி, கையாலேயே கரகரப்பாக நொறுக்கிக்கொள்வது. ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பு ஊற்றும் பன்னி சௌவுக்காக வெளியே எடுத்த உள்பகுதி யாராலும் உண்ணப்படாமல் மிஞ்சினால், அதற்கும் இதைவிட நல்ல பயன் இல்லை. அது மிஞ்சும் வீட்டை நான் கண்டதில்லை என்பது வேறு செய்தி.

மீலி மீலை முதன்மை மாவாகக் கொள்ளலாமா என்பது இந்த நாட்டில் இயல்பாக எழும் கேள்வி. தனியாக வேண்டாம். அதன் பரல்கள் ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சுவதால் பொரித்தபின் சிலருக்குப் பல்லில் கல்போல் படும். ஆனால் கேக் மாவுக் கலவையில் நான்கில் ஒரு பங்கு சேர்த்தால், ஓட்டின் நடுநடுவே கடினமான புள்ளிகள் அமைந்து, புழுக்கத்திலும் அது நமக்க நேரமாகிறது. நைஸான சூப்பர் ரகத்தைவிடச் சற்றுக் கரகரப்பான ரகம் இதற்கு ஏற்றது. நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் பார்வைக்கு அழகு, ஓவனுக்கும் பொருத்தம். எனினும் அதிலுள்ள இனிப்பு நம் மசாலாவோடு சேர்வதில்லை, ஆழ்ந்த எண்ணெயில் விரைவில் கருகியும் விடும்.

மசாலாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டர்பனின் விக்டோரியா தெருச் சந்தையில் மாமியார் பெயரால் விற்கப்படும் அந்தக் கடுங்காரப் பொடியை மேல்மாவில் தாராளமாகக் கலப்பதுதான் நம்மவர் பழக்கம். மிளகாய்ப் பொடி 170 டிகிரி எண்ணெயில் நேரடியாகப் பட்டால் சில நிமிடங்களில் கறுத்துக் கசந்துவிடும். கோழி கருகியதாக நினைத்து நாம் எடுக்கும் துண்டு உள்ளே வேகாமலும் இருக்கக்கூடும். மிளகாய், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது அனைத்தும் அமாசியில் போகட்டும். மேல்மாவுக்கு உப்பும் வெள்ளை மிளகும் போதும். காரம் போதவில்லையென்றால் பொரித்து எடுத்த சூட்டோடு மேலே தூவிக்கொள்ளலாம், அப்போது அதன் மணமும் கெடாது.

அடுப்பைப் பொறுத்த தேர்வு மேலே சொன்னதிலிருந்து பெரும்பாலும் விளங்கிவிடும். ஆழ்ந்த எண்ணெய்க்கு மாவும் மைசீனாவும். சூரியகாந்தி எண்ணெய் 170 முதல் 175 டிகிரி வரை சூடேறியதும் துண்டுகளை இட்டால் வெப்பம் 150 பக்கம் இறங்கும். அதன்பின் 160 அளவில் நிறுத்தி, எலும்புள்ள தொடையைப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள் வரை வேகவிட வேண்டும். தொடக்கத்தில் பெருங்குமிழ்களோடு இரையும் எண்ணெய், கறியின் ஈரம் குறையக் குறைய நுண்குமிழ்களாகி ஒலி தணியும். நிறத்தை மட்டும் நம்புவதைவிட இந்த ஒலியை நம்பலாம். எலும்பை ஒட்டிய இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்டுவதே உறுதியான சான்று. சட்டியை நெருக்கமாக நிரப்புவது எல்லா மாவுகளையும் ஒன்றுபோலக் கெடுக்கும்.

ஏர் ஃப்ரையர் அண்மை ஆண்டுகளில் நம் வீடுகளில் வேகமாக இடம்பிடித்தது. அதில் கரைத்த கடலை மாவு கம்பிகளின் வழியே ஒழுகிவிடும். உலர்ந்த கேக் மாவு, எண்ணெய் படாத இடங்களில் சுண்ணாம்புபோல் வெளிறிக் கிடக்கும். அதற்கு ஏற்றது ரொட்டித் தூள் மட்டுமே, அதுவும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு வாணலியில் முன்கூட்டியே பொன்னிறமாக வறுத்த தூள். வறுக்காத தூளைப் போட்டால், அது சிவப்பதற்குள் நெஞ்சுக்கறி உலர்ந்துவிடும். ஓவனுக்கும் இதுவே விதி. 210 டிகிரியில், கம்பித்தட்டின் மேல் வைத்து, கீழே தட்டு ஒன்று ஏந்தினால் போதும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துச் சமையலைத் திட்டமிட்ட 2022, 2023 காலத்தை மறக்காதவர்கள், எரிவாயு அடுப்பில் செய்யக்கூடிய ஒரு முறையையாவது கைவசம் வைத்திருப்பது நல்லது. பாதியில் நின்ற ஏர் ஃப்ரையரிலிருந்து எடுத்து வாணலிக்கு மாற்றப்பட்ட கோழியை எந்த மாவும் காப்பாற்றாது.

லெனேசியாவிலோ ஜோஹனஸ்பர்க்கின் மற்றப் பகுதிகளிலோ இருப்பவர்கள் மேலே கூறிய வெப்ப அளவுகளைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரமுள்ள அங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், மேலே ஓடு விரைவில் காய்ந்து நிறம் ஏற, உள்ளே வேகும் வேகம் குறைகிறது. எண்ணெயை எட்டு, பத்து டிகிரி குறைத்து, நேரத்தைச் சற்று நீட்டினால் சரியாகும். உலர்ந்த காற்று அவர்களுக்கு வாய்த்த வரம். கேக் மாவை மட்டும் வைத்தே அவர்கள் சமாளித்துக்கொள்ளலாம், மைசீனா வாங்கவும் வேண்டியதில்லை.

கேஎஃப்சி கோழிபோல் வருமா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். 1971 முதல் இந்த நாட்டில் இருக்கும் அந்தக் கடையின் சுவைக்குப் பழகிய தலைமுறைகள் இப்போது இரண்டு, மூன்று ஆகிவிட்டன. அங்கே பயன்படுவது அழுத்தத்தில் பொரிக்கும் தனிக் கருவி. மூடியின் கீழ் அழுத்தம் ஏறுவதால் கறியின் ஈரம் எளிதில் வெளியேறாமல் உள்ளேயே நின்று, நேரமும் குறைகிறது. வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றி மூடியைப் பூட்டி அதைச் செய்ய முயல்வது உயிருக்கு ஆபத்தான வேலை. குக்கரின் வளையமும் வால்வும் அந்தச் சூட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. மேலே சொன்ன மாவுக் கலவை அந்த மென்மையை முழுதாகத் தராது. ஆனால் மொறுமொறுப்பில் அதைத் தாண்டிவிடும்.

பொரித்த துண்டை எதன்மேல் வைக்கிறோம் என்பது, எந்த மாவில் புரட்டினோம் என்பதற்குச் சமமான முடிவு. காகிதம் விரித்த தட்டில் அடுக்கினால், அடிப்பக்கம் தன் நீராவியிலேயே நனைந்துவிடும். கம்பித்தட்டில், ஒன்றின்மேல் ஒன்று படாமல், 90 டிகிரி ஓவனில் வைத்தால் மாவும் மைசீனாவும் கலந்த ஓடு அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும். கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் கதை வேறு. மூடிய டப்பாவுக்குள் எந்த எண்ணெய்ப் பொரியலும் தாங்காது; பாங்கோ தூள் ஒட்டிய நெஞ்சுக்கறியை முழுதாக ஆறவிட்டு, காகிதத்தில் தளர்வாகச் சுற்றி எடுத்துப்போவதே நான் ஒத்துக்கொள்ளும் ஒரே வழி. மற்றபடி கடற்கரைக்குப் பிரெயானி போகட்டும்.

புரட்டாசி முடிந்து விரதம் விடும் நாளில், ஒரு மாதம் கறி தொடாத வீடு முழுவதற்கும் ஒரே வேளையில் பொரித்துப் போட வேண்டியிருக்கும். அந்த நாளுக்கு ஏற்றது இரண்டு தவணைப் பொரியல், அதற்கு இணங்குவது மைசீனா மிகுந்த கலவை. அன்று மட்டும் கேக் மாவும் மைசீனாவும் சமபங்காக இருக்கலாம். விருந்தினர் வரும் முன் எல்லாத் துண்டுகளையும் 155 டிகிரியில் வெளிர்நிறமாக, எலும்போரம் 74 டிகிரி காட்டும்வரை முழுமையாக வேகவைத்து எடுத்துக் கம்பித்தட்டில் பரப்பிவிட வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கவிடக்கூடாது. உள்ளிருக்கும் ஈரம் அதற்குள் ஓட்டுக்கு ஏறியிருக்கும். இலை போட்ட பிறகு எண்ணெயை 185 டிகிரிக்கு ஏற்றி, இரண்டிரண்டு நிமிடங்கள் மறுபடியும் பொரித்தால், அந்த ஈரம் மொத்தமாக ஆவியாகி, ஒரே தடவை பொரித்ததைவிட மெல்லியதாகவும் உறுதியாகவும் ஓடு அமையும். கேக் மாவு மட்டும் பூசிய துண்டுகள் இந்த இரண்டாம் தவணையில் மிகையாகக் கறுத்துவிடும். கடலை மாவுப் பூச்சோ எண்ணெயை இரு மடங்கு குடிக்கும்.